அடைக்கலராஜ் பூசிய சுவர்

சிதம்பரத்துப் பக்கம் ஒரு பொறியியல் கல்லூரியின் மண் ஆய்வகத்தில் அடைக்கலராஜ் இருபத்திரண்டு வருஷமாக உதவியாளர். மண்ணைச் சலிப்பதும் பிசைவதும் அச்சில் இடிப்பதும் அவர். கட்டுரையில் பேர் வருவது மற்றவர்களுக்கு. அதற்கெல்லாம் அவர் அலட்டிக்கொண்டதில்லை.

போன வருஷம் பேராசிரியர் சந்திரலேகா, சிமெண்டுக்குப் பதிலாகக் கொத்தவரை விதைப் பசையைக் கலந்து களிமண்ணைக் கெட்டிப்படுத்திப் பார்த்தார். ஒரு மாசம் காய்ந்த மண்கட்டி, எந்திரத்தில் வைத்து அழுத்தியும் லேசில் உடையவில்லை. அடைக்கலராஜுக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை. தண்ணீரில் ஊறவைக்கும் சோதனை இன்னும் பாக்கி என்று சந்திரலேகா சொன்னது அவர் காதில் விழுந்தது, மனசில் ஏறவில்லை.

பரங்கிப்பேட்டைக்கு அந்தப் பக்கம், வாய்க்காலோரம் அவர் தங்கை அந்தோணிமேரி தனியாக இருந்தாள். புருஷன் தவறி ஆறு வருஷம். வீட்டின் பின்பக்க மண்சுவர் அடியில் அரித்துக் கிடந்தது. ஐப்பசிக்கு முன்னால் இரண்டு ஞாயிற்றுக்கிழமை, பூசை முடிந்த கையோடு போய், பசை கலந்த மண்ணால் அடைக்கலராஜ் அதை அடைத்துப் பூசினார். காய்ந்ததும் தட்டிப் பார்த்துச் சிரித்துக்கொண்டார்.

மழை பிடித்துக்கொண்டது. வெள்ளம் வருகிறது என்றதும் தெருவே வழக்கம்போல மூட்டை கட்டியது. அந்தோணிமேரி போன் செய்தாள்.

“அண்ணே, எல்லாரும் கோயில் பள்ளிக்கூடத்துக்குப் போறாங்க. நானும் போவட்டா?”

“அங்க போயி கொசுக்கடில எதுக்குக் கெடக்குற? செவுரு கல்லு மாரி இருக்குது. நான் பூசுனதாச்சே. வூட்லயே இரு.”

அண்ணன் சொல் அவளுக்கு வேதவாக்கு. இருந்துவிட்டாள். இரண்டு நாள் தண்ணீர் சுவரடியில் நின்றது. மூன்றாம் நாள் காலை, அவள் அடுப்படியில் இருந்தபோது சுவர் உள்பக்கம், அவள் மேலேயே சாய்ந்தது. அடக்கம் முடிந்து வந்து அந்த மண்ணை அள்ளிப் பார்த்தார் அடைக்கலராஜ். விரலிடுக்கில் கொழகொழவென்று வழிந்தது.

பாவி மனுஷன், சந்திரலேகாவிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டுப் பூசியிருக்கலாம். பாசத்தில் அவசரப்பட்டார்.

முப்பதாம் நாள் பூசைக்குப் பிறகுதான் வேலைக்குப் போனார். சந்திரலேகா தயங்கித் தயங்கிக் கேட்டார்.

“ராஜ், ஊறவைக்கிற டெஸ்ட்ட இன்னிக்கி ஆரம்பிக்கலாமா?”

“தண்ணியில நிக்காது மேடம். பாத்துட்டேன்.”

“எப்ப பாத்தீங்க?”

“என் தங்கச்சி வூட்டுல.”

சந்திரலேகா அப்படியே உட்கார்ந்துவிட்டார். ஆனாலும் சோதனையை விட முடியாது. சோதனைக்கென்று எடுத்துவைத்திருந்த மூன்று கட்டிகளையும் அடைக்கலராஜே தண்ணீர்த் தொட்டியில் இறக்கினார். மூன்றும் கரைகிறவரை பக்கத்திலேயே நின்றார். அந்த இரண்டு நாள் தங்கையோடு இப்படி நிற்கவில்லையே என்று அப்போதுதான் வாய்விட்டு அழுதார்.