வரிசை நகர்ந்த மத்தியானம்

ஹார்பருக்குள் சரக்கு ஏற்றப் போகும் லாரிகள் அந்தக் காலத்தில் ராயபுரம் கடலோர ரோட்டில் வரிசை கட்டி நிற்கும். கன்டெய்னர் பெட்டியை நாங்கள் கண்ணால் பார்த்திராத காலம். கோதுமை மூட்டை, உர மூட்டை, இரும்புத் தகடு, மரச்சட்டம் அடித்த மிஷின் என்று எதுவானாலும் கப்பலிலிருந்து இறங்கி எங்கள் வண்டியில்தான் திருவொற்றியூருக்கும் எண்ணூருக்கும் போகவேண்டும். கப்பல் வந்துவிட்டது, ஓடு என்பார் முதலாளி. போய்ப் பார்த்தால் நமக்கு முன்னால் ஒரு ஊரே நிற்கும். கேட்டைத் தொட ஒரு பகலும் ஆகலாம், இரண்டு பகலும் ஆகலாம். லாரிக்காரன் என்றால் எந்நேரமும் பறந்துகொண்டிருப்பான் என்று நினைக்கிறார்கள். நான் ஓட்டியதைவிட நின்றதுதான் அதிகம்.

அந்த வரிசைக்கென்று ஒரு முறை இருந்தது. முன்னால் இடம் விழுந்தால் யாரும் எஞ்சினைக் கிளப்பமாட்டோம். டீசலை வீணாக்கினால் முதலாளி உயிரை எடுத்துவிடுவார். காலி வண்டிதானே! ஒருவர் உள்ளே ஏறி ஹேண்ட் பிரேக்கை எடுத்துவிட்டு ஸ்டீயரிங்கைப் பிடிப்பார், நாலைந்து பேர் பின்னால் தோள் கொடுத்துத் தள்ளுவோம். வண்டிக்காரன் டீக்கடைக்குப் போயிருக்கலாம், மாதா கோயிலுக்குப் போயிருக்கலாம். அவனைத் தேடமாட்டோம். அவன் திரும்பி வரும்போது வண்டி வரிசையில் அதற்குரிய இடத்தில் நிற்கும். பீடிக்கும் பாட்டரிக்கும் அடித்துக்கொள்கிற நாங்கள் இந்த ஒரு காரியத்தில் மட்டும் யாரையும் கைவிட்டதில்லை.

வெயிலுக்கு அந்த ரோட்டில் வண்டியடியை விட்டால் வேறு நிழல் கிடையாது. ஆகவே இன்னொரு முறையும் உண்டு. அடியில் படுக்கிறவன் முன் பம்பரில் தன் துண்டைக் கட்டிவிட்டுத்தான் படுக்கவேண்டும். துண்டு தொங்கினால் ஆளை எழுப்பாமல் வண்டியில் கை வைக்கக்கூடாது. துண்டு இல்லையென்றால் அடியில் ஆள் இல்லை. குனிந்து பார்க்கிற பழக்கமே எங்களுக்குக் கிடையாது. அவ்வளவு நம்பிக்கை அந்தத் துண்டின் மேல்.

என் தோஸ்து ஒருவன் காலடிப்பேட்டைக்காரன். எதிராளியைக் கலாய்க்காமல் ஒரு டம்ளர் டீ குடிக்கமாட்டான். எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும் என்பதால் என்னைச் சீண்டுவதில் அவனுக்குத் தனி ருசி. கல்யாணமாகி இரண்டு வருஷம்கூட ஆகவில்லை. எல்லாவற்றிலும் விளையாட்டுப் பிள்ளை, துண்டு விஷயத்தில் மட்டும் விளையாடமாட்டான். படுப்பதற்கு முன் முடிச்சை இரண்டு தடவை இழுத்துப் பார்ப்பான்.

வரிசையில் எல்லாருக்கும் வேண்டிய ஆள் இன்னொருவர், கத்திவாக்கத்திலிருந்து வந்தவர். வலை இழுத்த குடும்பம் என்பது அவர் தோளைப் பார்த்தாலே தெரியும். பெரியவன் சின்னவன் எல்லாருக்கும் அவர் மாமுதான். வண்டி தள்ளுவதென்றால் ஸ்டீயரிங்கில் பெரும்பாலும் அவர்தான் ஏறுவார். நிதானம் அப்படி.

அன்றைக்கு மத்தியானம் நான் ஹார்பருக்குள் உர மூட்டை ஏற்றிக்கொண்டிருந்தேன். வெளியே வரிசை நகர்ந்திருக்கிறது. தோஸ்து வண்டியருகில் அவனைக் காணோம். மாமு முன்பக்கமாக வந்து பம்பரைப் பார்த்தார், ஏறினார், பிரேக்கை எடுத்தார். பின்னால் நாலு பேர் தள்ளினார்கள். பின்சக்கரம் எதிலோ தடுக்கி நின்றது. கல் என்று நினைத்து இன்னும் ஒரு தடவை மூச்சைப் பிடித்துத் தள்ளியிருக்கிறார்கள். ஏற்றிய வண்டியோடு நான் கேட்டை விட்டு வெளியே வந்தபோது கூட்டம் நின்றது. மாமு ரோட்டில் உட்கார்ந்து அவன் தலையை மடியில் வைத்துக்கொண்டிருந்தார். அவனுக்கு உயிர் இல்லை.

வீட்டுக்கு யார் போய்ச் சொல்வது என்று ஆளுக்கு ஆள் முகத்தைப் பார்த்துக்கொண்டார்கள். காலடிப்பேட்டை என் வழியில் இருந்தது, நான் கிளம்பினேன். வழியெல்லாம் எனக்கு ஒரே கேள்விதான்: துண்டு கட்டாமல் அவன் எப்படிப் படுத்தான்? செத்துப்போனவன் மேல் எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. அவனைத் திட்டிக்கொண்டே ஓட்டினேன்.

அவன் மனைவி வாசலில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் சிரித்தாள்.

"வா ணா. இன்னிக்கி நானே சோறு எடுத்துகினு ஹார்பராண்ட வந்தேன், தெரியுமா? மாமாவுக்குக் காச்சலு, அதான். உங்க தோஸ்து வண்டிக்கு அடியில நல்லா தூங்கிகினு இருந்தாரு. ரெண்டு நாளா கண்ணு மூடல, எழுப்ப மனசு வரல. கேரியர வண்டியில வச்சிட்டு வந்துட்டேன்."

நான் வாயைத் திறக்குமுன் அவளே தொடர்ந்தாள்.

"ஆனா துண்ட இன்னா கலீஜா வச்சிகினு கீறாரு! அத்தப் போயி வண்டி முன்னாடி கட்டித் தொங்கவுட்டு, நாலு பேரு பாத்தா என்னியதான சொல்லுவான்? அவுத்தாந்து தொவச்சிப் போட்டுட்டேன்."

கொடியில் அந்தத் துண்டு சொட்டிக்கொண்டிருந்தது. பொதுவாகப் பெண்கள் எங்கள் வரிசைப் பக்கம் வருவதில்லை. மாமனார்தான் தினம் சாப்பாடு கொண்டுவருவார். அவள் அங்கே வந்தது அதுதான் முதல் தடவை. துண்டு எதற்குக் கட்டுகிறோம் என்று அவளுக்கு யார் சொல்லியிருப்பார்கள்? வீட்டில் போய் இதையெல்லாம் யார் பேசுகிறார்கள்? வண்டியைத் தள்ளும்போது சக்கரத்தில் மாட்டிப் புருஷன் செத்துவிட்டான் என்பதை மட்டும் சொன்னேன்.

என் வண்டியிலேயே ஹார்பர் ரோட்டுக்கு வந்து இறங்கியதும், ஸ்டீயரிங்கில் ஏறியது யார் என்றுதான் முதலில் கேட்டாள். மாமு தானாக எழுந்து முன்னால் வந்தார். அவள் மண்ணை இரண்டு கையாலும் வாரி அவர் முகத்தில் தூற்றினாள்.

"அடியில ஆளு கீதான்னு குனிஞ்சு பாக்க உனுக்கு இன்னாடா கேடு? நாசமா பூடுவ! என் வவுறு எரியற மாதிரி உன் குடும்பம் எரியும்!"

அவர் கண்ணைக்கூடத் துடைத்துக்கொள்ளாமல் நின்றார். யாரும் தடுக்கவில்லை.

அன்று சாயங்காலம், உடலைக் கொண்டுபோன ஆஸ்பத்திரி மரத்தடியில் மாமு தனியாக உட்கார்ந்திருந்தார். "துண்டு இருந்துச்சாடா? நான்தான் பாக்காம பூட்டனா? என் கண்ணு என்னிய ஏமாத்திடிச்சா?" என்று அதையே திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தார். எனக்குப் பொறுக்கவில்லை. காலடிப்பேட்டையில் பார்த்ததைச் சொன்னேன். அவர் மனசு கொஞ்சம் ஆறும் என்று நினைத்தேன். ஆனால் அவர் எட்டி என் சட்டையைப் பிடித்தார்.

"இத்த வேற யாராண்டனா சொன்னியா?"

"இல்ல மாமு."

"சொன்னே, உன் நாக்க அறுத்துடுவேன். அந்தப் பொண்ணு தன் கையால புருசன சாவடிச்சிட்டேன்னு நெனச்சா இன்னிக்கே கெணத்துல வுழுந்துடும். என்னியத் திட்டிகினு கெடந்தா உசுரோட கெடக்கும். திட்டட்டும், வுடு."

இப்போது அவளும் போய்ச் சேர்ந்துவிட்டாள். அவள் இருந்திருந்தால் இதை எழுத என் கை வந்திருக்காது.

மறுநாள் வரிசையில் பேச்சு வேறு விதமாக ஓடியது. துண்டு கட்டாமல் படுத்தால் இப்படித்தான், ஆள் அசட்டை என்று என் தோஸ்துவைப் பற்றிச் சிலர் சொல்ல ஆரம்பித்தார்கள். தள்ளியவர்கள் பின்னால் நின்றவர்கள், அவர்களுக்கு முன் பம்பர் தெரியாது. மாமு நடுவில் போய் நின்றார்.

"அவன சொல்லாதீங்கடா. துண்டு இருந்துச்சு. நான்தான் கவனிக்காம ஏறிட்டேன்."

பொய். துண்டு எங்கே போனது என்று யாரும் தேடவில்லை, துண்டுப் பேச்சு அவள் காதுவரை போகவும் இல்லை. அந்தப் பொய் அவளைக் காப்பாற்றியது, அவன் பேரையும் காப்பாற்றியது. மாமுவை மட்டும் தூக்கி ரோட்டில் எறிந்தது. போலீஸ், கோர்ட்டு என்று கொஞ்ச காலம் அலைந்தார். அதைக்கூடத் தாங்கிக்கொண்டார். அவர் கை படக்கூடாது என்று வண்டியைப் பூட்டிக்கொண்டு போனார்களே, அதைத்தான் அவரால் தாங்க முடியவில்லை. அதுவரை அவர் தோளால் நகர்ந்த வண்டிகள்தான் எல்லாம். எனக்கு ஒவ்வொருத்தன் கன்னத்திலும் அறையவேண்டும்போல் இருக்கும். மாமு என்னைப் பார்த்துக் கண்ணாலேயே அடக்குவார். கடைசியில் லாரியை விட்டுவிட்டு எண்ணூர்க் கழிமுகத்துக்கே திரும்பிப் போய் இறால் பிடிக்க ஆரம்பித்தார்.

அவள் ஹைரோட்டுப் பக்கம் இட்லிக் கடை போட்டாள். புருஷன் போனதும் சுருண்டுவிடுவாள் என்றுதான் எல்லாரும் நினைத்தோம். அவள் சுருளவில்லை. விடிவதற்குள் அடுப்பு எரியும், கடன் கேட்டவனை வாயாலேயே விரட்டுவாள். நான் எண்ணூர் போகும்போதெல்லாம் அங்கே நிறுத்திச் சாப்பிடுவேன். ஒரு நாள் கடைக்குப் பின்னால் பெட்டியைத் திறந்து மடித்து வைத்திருந்த அந்தத் துண்டை எடுத்துக் காட்டினாள்.

"இத்தத் தொவச்சே இருக்கக் கூடாது ணா. சோப்புப் போட்டு அடிச்சித் தொவச்சிட்டேன். அவரு வேர்வ வாசன ஒரு துளிகூட இல்ல. அப்படியே வச்சிருந்தா அதுனா இருந்திருக்கும்."

தண்ணீர் குடிக்கப் போகிறவன் மாதிரி எழுந்து வெளியே வந்துவிட்டேன். அழுது முடிக்க நேரமாயிற்று.

மாமு வாரத்துக்கு ஒரு தடவையாவது ஓலைக் கூடையில் இறால் கொண்டுவந்து அவள் கடை ஓரத்தில் வைத்துவிட்டுப் போவார். ஒரு வார்த்தை பேசமாட்டார். அவளும் ஒரு தடவைகூட அதைச் சமைத்ததில்லை. ஒருமுறை நான் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போதே வந்தார். உடம்பு பாதியாகியிருந்தது. கூடையை வைத்துவிட்டு அவர் நகர்வதற்குள் அவள் அதை எடுத்து அவர் காலடியிலேயே சாக்கடையில் கொட்டினாள்.

"கொன்னவன் கையால துன்னுட்டு நான் உசுரோட இருக்கணுமா? தூ!"

எனக்குத் தலைக்கேறிவிட்டது. இலையைத் தள்ளிவிட்டு எழுந்தேன். அடிப்பாவி, கொன்றது யார் தெரியுமா என்பது நாக்கு நுனிக்கு வந்துவிட்டது. மாமு ரோட்டிலிருந்து என்னைப் பார்த்தார். தலையைக்கூட ஆட்டவில்லை, சும்மா பார்த்தார். நான் உட்கார்ந்தேன். அவர் குனிந்து காலிக் கூடையை எடுத்துக்கொண்டு நடந்தார். அடுத்த வாரமும் இறால் வந்தது.

இப்படியே வருஷங்கள் ஓடின. நான் லாரியிலிருந்து டிரெய்லருக்கு மாறினேன். மாமுவுக்கு நெஞ்சில் சளி கட்டி ஆஸ்பத்திரியில் போட்டார்கள். நான் போயிருந்தபோது பேச்சு வருவதே கஷ்டமாக இருந்தது. "அந்தப் பொண்ணு நல்லா கீதா?" என்றார். நல்லா கீது மாமு, வாய் குறையவில்லை என்றேன். சிரித்தார். "வாயத் தொறந்துடாத" என்றார். மறுநாள் காலையில் போய்விட்டார்.

அடக்கம் முடிந்த அடுத்த நாள் அவள் கடைக்குப் போனேன். அவள் இட்லி ஈடு இறக்கிக்கொண்டிருந்தாள்.

"மாமு செத்துட்டாரும்மா."

துணியில் மிச்சமிருந்த இட்லியையும் பெயர்த்துத் தட்டில் போட்டாள்.

"கடசியா எதுனா சொன்னானா?"

அவர் சொன்னதை நான் சொல்ல முடியாது. "தன்ன மன்னிச்சுடச் சொல்லி உன்னாண்ட கேட்டுக்கச் சொன்னாரு" என்றேன்.

அவள் முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு என் எதிரில் வந்து நின்றாள். கண் கலங்கவில்லை. குரல்தான் உடைந்திருந்தது.

"மாட்டேன் ணா. அவன் செத்தாலும் மன்னிக்க மாட்டேன். ஒரு வாட்டி குனிஞ்சு பாத்திருந்தா எங்க வூட்டுக்காரு இன்னிக்கி இங்க குந்திகினு துன்னுகினு இருப்பாரு. சாவற வரிக்கும் மன்னிக்க மாட்டேன். தப்பா ணா?"

"தப்பில்லம்மா," என்றேன். "மன்னிக்காத."