அவள் ஜெபித்தாள், நான் ஆமென் சொன்னேன்

சில வருடங்களுக்கு முன்பு, மாத்தளை மாவட்டத்தில் யட்டவத்தைக்குப் பக்கத்தில் நாங்கள் இருக்கும் ஊரில், மிளகு பறிப்புக் காலத்தில் நடந்தது இது. இதை நான் யாரிடமும் முழுதாகச் சொன்னதில்லை. நாலு பேர் முன்னால் பேச வேண்டுமென்றால் எனக்கு நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும். எழுதினால் யாரும் என் முகத்தைப் பார்க்க மாட்டார்கள் என்ற தைரியத்தில் எழுதுகிறேன்.

நானும் என் மனைவியும் மிளகுத் தோட்டங்களில் கூலிக்குப் பறிக்கிறவர்கள். மிளகுக் கொடி உயரமான மரங்களில் சுற்றிப் படர்ந்திருக்கும். அதைப் பறிக்க ஒற்றை மூங்கில் ஏணிதான் வசதி. நீளமான ஒரு மூங்கிலில், கணுவுக்குக் கணு கால் வைக்கும் அளவுக்கு முளையை விட்டு வெட்டியிருப்பார்கள். அது தானாக நிற்காது. மேலே ஒருவர் ஏறினால் கீழே ஒருவர் பிடித்துக்கொண்டே இருக்க வேண்டும். நான் ஏறுவேன், அவள் பிடிப்பாள். மேலே போய்விட்டால் முகம் இலைகளுக்குள் புதைந்துவிடும். கீழே நிற்கிறவர் கண்ணுக்குத் தெரிய மாட்டார். அதனால் அவள் அடிக்கடி குரல் கொடுப்பாள்.

“ஏங்க, புடிச்சிருக்கேன்.”

நான் பதில் சொல்ல மாட்டேன். அடுத்த கணுவில் காலை வைப்பேன். கல்யாணமான காலத்திலிருந்து எங்கள் வேலை இப்படித்தான் நடந்தது.

எங்கள் வீட்டு ஜெபமும் அப்படித்தான். சாயங்காலம் பாயை விரித்து உட்காருவோம். நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவன். வேதம் வாசிப்பதும் அவள்தான், ஜெபிப்பதும் அவள்தான். பெரிய வார்த்தை எதுவும் போட மாட்டாள். பக்கத்து வீட்டு அக்காவிடம் பேசுவது போலவே ஆண்டவரிடமும் பேசுவாள். கூரை ஒழுகுவது, யாருக்கோ காய்ச்சல், மழை பிடித்தால் மிளகு காயாதே என்ற கவலை, எல்லாம் வரும். முடிக்கும்போது மட்டும் தினமும் ஒரே வரி.

“இன்னைக்கும் எங்கள விடாம புடிச்சிருந்தீங்களே, நன்றி அப்பா.”

நான் ஆமென் சொல்லுவேன். என் பங்கு அவ்வளவுதான்.

எங்களுக்கு ஒரு பெண் குழந்தை பிறந்து, தங்காமல் போய்விட்டது. புதைத்துவிட்டு வந்த அன்று சாயங்காலமும் அவள் பாயை விரித்தாள். அன்று வேறெதுவும் சொல்லவில்லை. அந்த ஒரு வரியை மட்டும் சொல்லிவிட்டு அழுதாள். நான் ஆமென் சொன்னேன். அதை எப்படி அவளால் சொல்ல முடிந்தது என்று அன்று நான் யோசிக்கவில்லை. அவள் சொன்னாள், நானும் கூடச் சொன்னேன்.

எங்கள் சபை சின்னது. கிழமைக்கு ஒரு நாள் வீட்டு ஜெபம் முறை வைத்து வீடு வீடாக வரும். எந்த வீட்டுக்கு வருகிறதோ அந்த வீட்டுக்காரர்தான் முதலில் ஜெபித்துத் தொடங்க வேண்டும் என்பது எங்கள் வழக்கம். எங்கள் வீட்டு முறை வரும்போது மட்டும் அவளே தொடங்குவாள். பக்கத்து வீட்டு அக்கா விட மாட்டார்.

“தம்பி, இன்னைக்காவது நீங்க ஜெபிங்க. நாங்க ஆமென் சொல்றோம்.”

எல்லாரும் சிரிப்பார்கள். எனக்குக் காது சுடும். அவள் உடனே சொல்லுவாள்: “அவரு ஆமென் சொல்லலேன்னா என் ஜெபம் கூரையத் தாண்டாதுக்கா. சும்மா இருங்க.”

அந்தப் பறிப்புக் காலத்தில்தான் ஒருநாள் காலையில் அடுப்புக்கு முன்னால் அவள் கையிலிருந்து தேத்தண்ணிக் கோப்பை விழுந்தது. கை தவறிவிட்டது என்று நினைத்தேன். திரும்பிப் பார்த்தால் அவளும் சுவரோடு சரிந்துகொண்டிருந்தாள். வாய் ஒரு பக்கம் கோணியிருந்தது. த்ரீவீலில் தூக்கிப்போட்டுக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினோம். உயிர் தப்பியது. வலது கையும் காலும் விழுந்துவிட்டன. பேச்சும் போய்விட்டது.

“பேச்சு வரலாம், வராமலும் இருக்கலாம். நீங்க அவங்களோட பேசிக்கிட்டே இருங்க” என்று அங்கிருந்த நர்ஸ் சொல்லி அனுப்பினார். பேசத் தெரியாத என்னிடம் இதைச் சொல்கிறாரே என்று நினைத்துக்கொண்டேன்.

வீட்டுக்கு வந்தபிறகுதான் எங்கள் வீடு இத்தனை நாளும் அவளுடைய குரலால் நிறைந்திருந்தது என்று எனக்குத் தெரிந்தது. அவள் எதையோ சொல்லப் பார்ப்பாள், ஒரு முனகல்தான் வரும். எனக்கு விளங்காது. கோபத்தில் இடது கையால் கட்டிலை அடிப்பாள், பிறகு அழுவாள். ஒருநாள் யட்டவத்தைச் சந்தையில் யாரோ ஒரு பெண் பின்னாலிருந்து “ஏங்க” என்று கூப்பிட்டார். நான் திரும்பி நின்றுவிட்டேன். அவர் தன் புருஷனைத்தான் கூப்பிட்டார். மரக்கறிப் பையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு நடந்தேன்.

சாயங்காலமானால் இன்னும் கஷ்டம். ஜெப நேரத்துக்கு அவள் இடது கையை என் பக்கம் நீட்டுவாள். நான் அதைப் பிடித்துக்கொண்டு கண்ணை மூடுவேன். வார்த்தை வராது. கண்ணைத் திறந்தால் அவள் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருப்பாள். நான் கையை விட்டுவிட்டு, அடுப்பில் ஏதோ வேலை இருப்பது போல எழுந்து போய்விடுவேன்.

வெட்கம் மட்டும் காரணமில்லை. மனதுக்குள் எனக்கு ஆண்டவரோடு ஒரு வழக்கு இருந்தது. உங்களோடு பேசிக்கொண்டே இருந்த வாயைத்தானா அடைக்க வேண்டும்? எதற்கும் உதவாத என் வாயை அடைத்திருந்தால் யாருக்கு என்ன நட்டம்? ஜெபித்தால் கடைசியில் அவளுடைய அந்த வரியைச் சொல்ல வேண்டும். விடாமல் பிடித்திருந்தீர்கள் என்று நான் எந்த வாயால் சொல்வது? பொய் சொல்வது போலிருந்தது.

பாஸ்டர் வந்து பார்த்தபோது, “அண்ணே, நீங்க கஷ்டத்துல இருக்கீங்க. வீட்டு ஜெபம் இப்போதைக்கு உங்க வீட்ட விட்டுட்டு அடுத்த வீட்டுக்குப் போகட்டும்” என்றார். எனக்கு நிம்மதியாக இருந்தது. அவள் என்ன நினைத்தாள் என்று நான் பார்க்கவில்லை. அந்தக் கிழமை அக்கா வீட்டில் பாட்டுச் சத்தம் கேட்டபோது, கட்டிலில் கிடந்தபடியே சுவரில் சாத்தியிருந்த பாயை இடது கையால் இழுத்துக் கீழே தள்ளினாள். கீழே படுக்க ஆசைப்படுகிறாள் என்று நினைத்து, பாயை விரித்து அவளை இறக்கிப் படுக்க வைத்தேன். அவள் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

வயிறு இருக்கிறதே, வேலைக்குப் போகாமல் முடியாது. பகலில் அக்கா அவளைப் பார்த்துக்கொண்டார். தோட்டத்தில் எனக்கு ஏணி பிடிக்கத் தோட்டத்துக்காரரின் சொந்தக்காரரான ஒரு முஸ்லிம் பெரியவர் வந்தார். அண்ணன் என்ற முறையில் எல்லாரும் அவரை நானா என்று கூப்பிடுவார்கள். நல்ல பலசாலி. வெற்றிலை ஓயாது. என்னைப் போலவே அவருக்கும் பேச்சு குறைவு.

அவள் குரல் இல்லாமல் ஏறுவது எனக்குப் பெரிய பயமாக இருந்தது. நாலைந்து கணு ஏறியதும் கேட்பேன்: “நானா, புடிச்சிருக்கீங்களா?” “ம்” என்பார். அந்த ஒரு “ம்”மை வைத்துக்கொண்டு ஏறுவேன்.

ஒருநாள் தோட்டத்தின் மேல் பக்கத்தில் ஒரு பெரிய மரம். உச்சி வரை கொடி ஏறியிருந்தது. காற்றும் இருந்தது. பாதிக்கு மேல் போய்விட்டுக் கேட்டேன். பதில் இல்லை. இன்னும் சத்தமாகக் கேட்டேன். இல்லை. கத்தினேன். கீழே ஒரு சத்தமும் இல்லை. விட்டுவிட்டுப் போய்விட்டார் என்று தோன்றியது. அப்படித் தோன்றியதும் கால் வெடவெடவென்று ஆடத் தொடங்கியது. மரத்தைக் கட்டிப்பிடித்தேன். இடுப்பில் கட்டியிருந்த சாக்குப் பை கவிழ்ந்து, பறித்த மிளகெல்லாம் கொட்டியது. நெஞ்சு உரசி எரிய, ஒவ்வொரு கணுவாகத் தடவித் தடவி இறங்கினேன்.

கீழே வந்து பார்த்தால் நானா அங்கேயேதான் இருக்கிறார். இரண்டு கையாலும் மூங்கிலைக் கட்டிப்பிடித்து, தோளைக் கொடுத்து, கன்னத்தையும் அதில் அழுத்திக்கொண்டு, ஒரு காலை வேரில் முட்டுக்கொடுத்து நிற்கிறார். தொப்பியிலும் தோளிலும் பச்சை மிளகு. வாய் நிறைய வெற்றிலை. நான் தரையில் கால் வைத்த பிறகுதான் ஏணியை விட்டுவிட்டு, அந்தப் பக்கம் போய்த் துப்பினார்.

“என்ன மனுசன் நீங்க! வாயில வெத்தல ஈக்கிது. துப்பத் திரும்பினா ஏணி ஆடும். அதுதான் பேசல்ல.”

“கூப்பிட்டேனே நானா. சத்தம் வரல. விட்டுட்டுப் போயிட்டீங்கன்னு நெனச்சேன்.”

“சத்தம் எனத்துக்கு? ஏணி ஆடிச்சா?”

யோசித்துப் பார்த்தேன். என் கால்தான் ஆடியது.

“ஆடல.”

“அப்ப புடிச்சிக்கிட்டுத்தானே ஈக்கேன்? ஏணிய வாயாலயா புடிக்கிற?” தொப்பியைக் கழற்றி உதறினார். “பாருங்க, என்ட தலையில மட்டும் ஒரு சுண்டு மிளகு ஈக்கிது.”

எனக்குச் சிரிப்பு வந்தது. அவள் விழுந்ததிலிருந்து நான் சிரித்ததே இல்லை. சிரித்துக்கொண்டே இருந்தேன்; அது எந்த இடத்தில் அழுகையாக மாறியது என்று தெரியவில்லை. மரத்தடியில் உட்கார்ந்து தேம்பினேன். நானா பயந்துபோய்த் தண்ணீர்ப் போத்தலை நீட்டினார். “பயந்துட்டீங்க போல. இன்னைக்கி இந்த மரம் வாணாம், நாளைக்கிப் பாப்பம்” என்றார். நான் எதற்கு அழுகிறேன் என்று அவருக்குச் சொல்லவில்லை. சொல்லவும் தெரிந்திருக்காது.

வீட்டுக்கு நடந்து வரும்போது அந்தக் கேள்விதான் கூட வந்தது. ஏணி ஆடியதா? குரல் நின்றதும் எல்லாம் கைவிட்டுப் போயிற்று என்று நானே முடிவு கட்டியிருந்தேன். ஆனால் அக்கா ஒரு நாளும் தவறாமல் கஞ்சி கொண்டு வந்தார். அவளுக்குத் தலை சீவிவிட்டார். த்ரீவீல்காரர் கிளினிக்குக்குக் கூப்பிட்ட போதெல்லாம் வந்தார். சோறு வடிக்கத் தெரியாத நான் வடித்தேன். அவளைக் குளிப்பாட்ட, உடுத்திவிட, புரட்டிப் படுக்க வைக்கப் பழகினேன். அவள் உடம்பில் ஒரு புண் வரவில்லை. இரண்டு பேரும் விழுந்து கிடக்க வேண்டிய நாட்களில் விழாமல் இருந்திருக்கிறோம். யாரோ பிடித்துக்கொண்டுதான் இருந்திருக்கிறார். பேசவில்லை, அவ்வளவுதான்.

வீட்டு வாசலில் அக்கா நின்றிருந்தார். “அக்கா, அடுத்த கிழமை ஜெபம் எங்க வீட்டுல வைக்கலாம்னு பாஸ்டர்கிட்ட சொல்லுங்க” என்றேன். அக்கா என்னை ஏற இறங்கப் பார்த்தார். உள்ளே போனபோது அவளுக்குக் கேட்டிருந்தது. இடது கையால் சுவரோரம் இருந்த பாயைக் காட்டினாள். அன்று பாயைத் தள்ளியதன் அர்த்தம் அப்போதுதான் எனக்கு விளங்கியது.

அந்த நாள் வந்தது. எல்லாரும் பாயில் உட்கார்ந்தார்கள். அவளைச் சுவரில் சாய்த்து உட்கார வைத்து, பக்கத்தில் நான் உட்கார்ந்தேன். பாட்டு முடிந்தது. வீட்டுக்காரர் தொடங்க வேண்டிய நேரம். கண்ணை மூடினேன். நாக்கு ஒட்டிக்கொண்டது. யாரோ இருமினார்கள். அக்கா எனக்காகத் தொடங்க வாயெடுத்தார். பாஸ்டர், “இருங்கக்கா” என்று மெல்லச் சொன்னது கேட்டது. என் கைக்குள் அவள் இடது கை இருந்தது. வியர்த்திருந்தது.

“ஆண்டவரே” என்றேன். அதற்கு மேல் எதுவும் தெரியவில்லை. தெரிந்தது அந்த ஒரு வரிதான்.

“இன்னைக்கும்... எங்கள விடாம... புடிச்சிருந்தீங்களே. நன்றி அப்பா.”

பக்கத்திலிருந்து ஒரு சத்தம் வந்தது. கோணலாக, நீளமாக, தொண்டையிலிருந்து இழுத்து எடுத்த மாதிரி.

“ஆ... மெ...ன்.”

கண்ணைத் திறந்தேன். அவள் வாயிலிருந்துதான். தானே அதிர்ந்துபோனவள் மாதிரி என்னைப் பார்த்தாள். பிறகு இன்னொரு தடவை சொன்னாள், இன்னும் சத்தமாக. அக்கா முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு, “இப்ப பாருங்க, வேல மாறிப்போச்சு” என்றார். அழுகையும் சிரிப்புமாக வீடு நிறைந்தது.

அதற்குப் பிறகு அவளுக்கு எல்லாம் திரும்பி வந்துவிட்டது என்று எழுத எனக்கு ஆசைதான். வரவில்லை. ஆமென், தண்ணி, போதும். இந்த மூன்றோடு இன்னும் சில வார்த்தைகள், அதுவும் சில நாட்களில்தான். கோல் ஊன்றி வாசல் வரை வருவாள். கஷ்டத்தில்தான் மனுஷன் வளருவான் என்று பிரசங்கத்தில் கேட்டால் இப்போதும் எனக்கு மனம் கொஞ்சம் முரண்டு பிடிக்கும். அவள் நோய் என்னை வளர்த்தது என்று சொல்ல எனக்கு வாய் வராது. அந்த நோய்க்குள்ளும் எங்களை விடாதவர் என்னை வளர்த்தார் என்றால் ஒத்துக்கொள்வேன். தினமும் சாயங்காலம் நான்தான் ஜெபிக்கிறேன். கூரை, காய்ச்சல், மழை, எல்லாவற்றையும் சொல்கிறேன். அவள் ஆமென் சொல்கிறாள். அவள் சொல்லாவிட்டால் என் ஜெபம் கூரையைத் தாண்டாது.

ஆனாலும் அந்த “ஏங்க” மட்டும் இன்னும் வரவில்லை. இன்றைக்கும் நானா பிடிக்கும் ஏணியில் பாதி ஏறியதும், இலைகளுக்குள் ஒரு கணம் நின்று கீழே காது கொடுக்கிறேன். குரல் வருவதில்லை, ஏணியும் ஆடுவதில்லை, அந்தக் குரலுக்கு ஏங்கிக்கொண்டே அடுத்த கணுவில் காலை வைக்கிறேன்.