கஜலட்சுமி அக்கா புள்ளி போட்ட நாள்

எனக்கு முதலில் இது பிடிக்கவே இல்லை. மறைத்து என்ன ஆகப்போகிறது, சொல்லிவிடுகிறேன். சிறுவர் புற்றுநோய் பற்றி ஆராய விரும்பும் இளம் டொக்டர் ஒருவருக்கு எங்கள் நிதியம் இரண்டு வருடப் புலமைப்பரிசில் கொடுக்கிறது. கண்டியில், கட்டுகஸ்தோட்டை வீதியில் ஒரு மாடி, நான்கு கதிரை, ஒரு அலுமாரி, நான். அவ்வளவுதான் நிதியம். இந்த வருடம் தெரிவுக் குழுவில் ஒரு பேராசிரியை, ஓய்வுபெற்ற ஒரு டொக்டர், கூடவே இந்த நோய் வந்த பிள்ளையை வளர்த்த ஒரு தாயும் இருக்க வேண்டும் என்று தீர்மானித்துவிட்டார்கள். அந்தத் தாய்தான் பன்வில பக்கத்துத் தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து பறிக்கும் கஜலட்சுமி அக்கா. அவருக்கு மொழிபெயர்க்க ரவிகுமாராகிய நான். பதினொரு வருடமாக இங்கே எழுதுவினைஞர். ஒரு நாளாவது விண்ணப்பக்காரரை மதிப்பிடச் சொல்லி என் கையில் யாரும் புள்ளித்தாளைக் கொடுத்ததில்லை. வயிறு எரியாதா?

அக்காவின் மகள் பிரேமிளாவுக்கு ஆறு வயதில் இரத்தப் புற்றுநோய் வந்தது. மூன்று வருடம் தோட்டத்துக்கும் கண்டிக்கும் அலைந்து மகளை மீட்டெடுத்தார். இப்போது அவளுக்குப் பதினைந்து. பாடசாலை வலைப்பந்து அணியில் இருக்கிறாள், தாயைவிட ஒரு சாண் உயரம்.

அன்று காலை அக்கா உள்ளே வந்ததும் மேசையில் தன் பெயர்ப்பலகையைப் பார்த்தார். மூன்று மொழியிலும் எழுதியிருந்தோம். வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார், அடக்க முடியாமல் குலுங்கிச் சிரித்தார்.

"ஐயோ தம்பி, சம்பளச் சீட்டுலகூட என் பேர ஒழுங்கா போட்டதில்ல. ஒரு படம் எடுங்க, மகளுக்கு அனுப்பணும்!"

எடுத்தேன். என்ன செய்வது, அந்தச் சிரிப்பு எனக்கும் தொற்றிக்கொண்டது.

இறுதிச் சுற்றுக்கு வந்தவர்கள் இரண்டு பேர். ஆளுக்கு இருபது நிமிடம். அக்கா இருவரிடமும் ஒரே கேள்வியைக் கேட்பதாக ஏற்பாடு.

முதலில் வந்தவர் டொக்டர் ஸாகி. கெட்டிக்காரர். திரையில் வண்ண வண்ணமாக வரைபடங்கள் ஓடின. எல்லாம் முடிந்ததும் அக்கா கேட்டார்.

"மருந்து ஏத்துற பிள்ளைக்கு ஞாயித்துக்கிழமை காய்ச்சல் வந்தா நான் என்ன செய்யணும், டொக்டர்?"

"ஒரு மணித்தியாலத்துக்குள்ள ஆஸ்பத்திரிக்குக் கொண்டு வந்து ஊசி போட்டுடணும்மா. அந்த மருந்தால உடம்புல எதிர்ப்புச் சக்தி இருக்காது. சும்மா காய்ச்சல்னு நினைச்சா உயிருக்கே ஆபத்து."

பதில் நூற்றுக்கு நூறு சரி. பிறகு அதையே ஆங்கிலத்தில் இன்னும் ஆறு நிமிடம் விளக்கினார். மொழிபெயர்த்து எனக்குத் தொண்டை வறண்டது.

அடுத்து டொக்டர் நிலூஷா. வத்தேகமப் பெண், ஒல்லி, கணினியின் கடவுச்சொல்லை மூன்று முறை தப்பாக அடித்தார். பாவமாக இருந்தது. அவர் தொடங்க முன்பே, பதற்றத்தைக் குறைக்கலாம் என்று எண்ணினாரோ என்னவோ, பன்வில பக்கத்துத் தோட்டத்து லயன் வீட்டிலிருந்து வருகிறேன் என்று சொல்லி அக்கா தன் கேள்வியைப் போட்டுவிட்டார்.

நிலூஷா கணினியை ஒதுக்கி வைத்தார். "ஒரு மணித்தியாலத்துக்குள்ள வாங்கன்னுதான் நாங்க சொல்லுவோம். உங்க லயத்துல இருந்து எப்பிடி வாறதுன்னு எனக்குத் தெரியாதும்மா. நீங்க எப்பிடி வந்தீங்க?"

அவ்வளவுதான், மடை திறந்துவிட்டது. ஞாயிற்றுக்கிழமை கொழுந்து லொறி ஓடாது என்றார் அக்கா. பக்கத்து லயத்து ஆட்டோ அன்று சில்லு கழன்று கிடந்தது. பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு கீழ்ப் பாதை வரை நடந்தது, பஸ்ஸுக்குக் காத்திருந்தது எல்லாம் வந்தது. நிலூஷா எழுதிக்கொண்டே இருந்தார். நடந்தது எவ்வளவு நேரம்? காத்திருந்தது எவ்வளவு நேரம்? காய்ச்சல் மருந்து தோட்டத்து மருந்தகத்தில் இருந்ததா? பரீட்சிக்க வந்த அக்காவையே அந்தப் பெண் பரீட்சித்துக்கொண்டிருந்தார்! எனக்குத் தலை சுற்றியது. யாரை யார் நேர்முகம் காண்கிறார்கள் என்று தெரியாமல் இருவருக்கும் மாறி மாறித் தண்ணீர் ஊற்றிக் கொடுத்தேன்.

இருபது நிமிடம் முடிந்து மணி அடித்தது. ஒரு படம்கூடத் திரையில் ஓடவில்லை. நிலூஷா வெளிறிப் போய், "மன்னிச்சிடுங்க" என்று கணினியை வாரிக்கொண்டு ஓடிவிட்டார்.

புள்ளிகளைக் கூட்டும்போது மற்ற இருவரின் தாளையும் சேர்த்து ஸாகி இரண்டு புள்ளி முன்னால் நின்றார். எல்லாம் அக்காவின் தாளில்தான் இருந்தது. ஸாகிக்குப் பத்தொன்பது போட்டு, வெட்டி, பதினாறு ஆக்கியிருந்தார்.

"இந்த மூன்று எங்கே போனது?" என்றார் பேராசிரியை.

"கொழுந்து நிறுக்கிறப்ப தண்ணிக்குன்னு கழிப்பாங்கல்ல, அதுதான். நல்ல கொழுந்துதான் மேடம். கொஞ்சம் ஈரம்."

நான் அதை எந்த மொழியில் பெயர்ப்பது? பெயர்த்தேன். ஓய்வுபெற்ற டொக்டர் கண்ணில் நீர் வரும்வரை சிரித்தார்.

நிலூஷாவுக்கு இருபதுக்கு இருபது. கழிவே இல்லை.

"படமே காட்டவில்லையே?"

"அந்த மூணு வருசமும் 'நேரத்துக்கு வாங்க'ன்னு எல்லாரும் சொன்னாங்க, மேடம். எப்பிடி வந்தேன்னு கேட்டது இந்தப் பிள்ளதான்."

அறையில் யாரும் சிரிக்கவில்லை. பேராசிரியை தாளை வாங்கிக் கையெழுத்திட்டார். இரண்டு புள்ளியால் நிலூஷா வென்றார்.

முடிவைக் கடிதத்தில்தான் அறிவிக்க வேண்டும் என்பது விதி. நானே எழுதிய விதி. ஆனாலும் நானே தொலைபேசியை எடுத்து, அழைத்து, அக்காவிடம் நீட்டினேன்.

"டொக்டர், ஒங்களுக்குத்தான்!"

மறுமுனையில் எழுந்த கூச்சல் எங்களுக்கும் கேட்டது. பின்னால் வத்தேகம பஸ் நிலையத்து இரைச்சல். யாராவது விழுந்துவிட்டார்களா என்று பக்கத்தில் யாரோ விசாரிப்பதும் கேட்டது.

"அம்மா! எதிர்ல பன்வில பஸ் நிக்குது. நான் ஏறிட்டேன். நீங்க நடந்து எறங்குன பாதைய நான் நடந்து பாக்கணும். ஒங்க வீடு எங்க?"

"டொக்டர், நான் இன்னும் கண்டியில இருக்கேன்! எறங்குங்க, எறங்குங்க!"

"பஸ் எடுத்துட்டாங்கம்மா!"

அக்கா தொலைபேசியை என் கையில் திணித்துவிட்டுப் படியிறங்கி ஓடினார். சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு பாதிப் படியில் நின்று திரும்பினார். கன்னமெல்லாம் ஈரம், வாயெல்லாம் சிரிப்பு.

"தம்பி, மகளுக்கு ஒரு கோல் எடுத்துச் சொல்லுங்க, தேத்தண்ணிக்குத் தண்ணி வைக்கச் சொல்லி. எங்க லயத்துக்கு டொக்டர் வாறாங்க!"