முகக்களை என்று சொன்னோம்

செய்தி கல்லூரி வாட்ஸப் குழுவில் வந்தது. புதன்கிழமை, இரண்டாவது பாடவேளை. மேலே இருந்த செய்தி, மதிப்பெண்களை மாலைக்குள் பதிவேற்றச் சொன்னது. அதன் கீழே: நுண்ணுயிரியல் துறை கோகிலா மேடம் காலமானார். ஏழாம் மாதம். குழந்தை முந்தைய நாளே போயிருந்தது. கூப்பிய கைகள் வரிசையாக வந்து விழுந்தன. நானும் ஒன்றை அனுப்பிவிட்டுப் பாடத்தைத் தொடர்ந்தேன்.

கல்லூரி மலருக்கு ஒரு பக்கம் கேட்டார் அவளுடைய துறைத் தலைவர். "சிரிச்ச முகம்னு எழுதுங்க மேடம். அதையும் இதையும் எழுதிப்போட்டறாதீங்க" என்றார். நான் தமிழ்த் துறை. இடப்பற்றாக்குறையால் நான்கு வருடங்கள் அவளுக்கும் எனக்கும் ஒரே மேசை. அதனால் என்னிடம் கேட்டார்.

சிரித்த முகம்தான். கேன்டீன் புளிச்சோற்றைப் பார்த்து, "இதை ரெண்டு நாள் மூடி வெச்சா பூஞ்சைக் காடே வளரும்ங்க" என்பாள். பிறகு அதையே சாப்பிடுவாள். முதலாண்டு மாணவிகளைக் கை கழுவச் சொல்லி, கிருமி வளர்ப்புத் தட்டில் விரலைப் பதிக்கச் சொல்வாள். மறுநாள் தட்டில் புள்ளி புள்ளியாக வளர்ந்திருக்கும். "நல்லாக் கழுவினேன் மேடம்" என்று யாராவது அழப்போவார்கள். "தெரியலைங்கறது வேற, இல்லைங்கறது வேற கண்ணு." ஒவ்வொரு வருடமும் இதே வாக்கியம். எனக்கு மனப்பாடம்.

மூன்றாவது மாடியில் பெண்களுக்குக் கழிப்பறை இல்லை. நமக்கெல்லாம் தெரியும். கீழே ஒன்று, சாவி அலுவலகத்தில். வயிற்றுப்பிள்ளைக்காரி ஒரு நாளைக்கு நான்கு முறை இறங்கிப் போய்ச் சாவி கேட்கவேண்டும். "இப்பத்தானுங்களே மேடம் வாங்கிட்டுப் போனீங்க?" என்று அலுவலகத்தில் ஒருவர் எல்லோர் முன்னும் கேட்டார். பக்கத்திலிருந்தவர் சிரித்தார். அதற்குப் பிறகு அவள் தண்ணீரைக் குறைத்தாள். தப்பில்லையா என்று கேட்டேன். "தப்புதானுங்க. நானே அதுக்குப் பாடம் எடுக்கறேனே" என்றாள்.

ஐந்தாம் மாதப் பரிசோதனையில் சிறுநீரில் கிருமி இருப்பது தெரிந்தது. எரிச்சல் இல்லை, வலி இல்லை. ஒரு வாரத்துக்கு மாத்திரை. வீட்டில் வைத்தால் மாமியார் எடுத்துவிடுவார், வயிற்றுப்பிள்ளைக்கு மாத்திரை ஆகாதென்று. எங்கள் மேசை இழுப்பறையில் வைத்து, ஞாயிற்றுக்கிழமைக்கானதை முந்தானையில் முடிந்து எடுத்துப்போய், ஒன்றுவிடாமல் சாப்பிட்டாள். முடித்த பின் மறுபடி சோதிக்க வேண்டும், போய்விட்டதா என்று பார்க்க வேண்டும் என்று மருத்துவர் சொல்லியிருந்தார். அரை நாள் விடுப்புக் கேட்டாள்.

"நல்லாத்தானே இருக்கீங்க அம்மணி? லீவெல்லாம் கட்டுச்சோத்துக்கு வெச்சுக்குங்க." துறைத் தலைவர்தான். அறை முழுக்கச் சிரித்தோம். அவளும் சிரித்தாள். அந்த வாரம் தேர்வு. அடுத்த வாரம் ஆய்வுக் குழு. அதற்கடுத்த வாரம் அவளும் கேட்கவில்லை. நானும் நினைவூட்டவில்லை. மனப்பாடமாக வைத்திருந்த வாக்கியம் அப்போது எனக்கு ஞாபகம் வரவில்லை.

வளைகாப்புக் கட்டுச்சோறு ஞாயிற்றுக்கிழமை, அன்னூரில், மாமியார் வீட்டில். வெள்ளகோவிலிலிருந்து பிறந்த வீட்டார் ஐந்து வகைச் சோறு கட்டிக்கொண்டு வந்திருந்தார்கள். நாம் கல்லூரி வேனில் போனோம். பட்டுப்புடவையில் உட்கார வைத்திருந்தார்கள். கன்னம் இரண்டும் சிவந்திருந்தன, கண் பளபளத்தது.

"ஏனுங்க, புள்ள முகத்துல என்ன களைன்னு பாத்தீங்களா?" என்றார் அவளுடைய சித்தி.

"எங்க காலேஜுல இந்தக் களை இல்லீங்களே. எல்லாம் உங்க ஊட்டுச் சோறு பண்ற வேலை" என்றார் நம் இயற்பியல் மேடம். சிரிப்பு. படம் எடுத்தோம். கண்ணீர் அஞ்சலித் தட்டியில் போட்டது அந்தப் படத்தைத்தான். காய்ச்சலின் படம் அது.

என் முறை வந்தது. சந்தனம் தடவியபோது அவள் கை கொதித்தது. குனிந்து வளையல் போட்டேன். "குளுருதுங்க. இடுப்புக்கு மேல வலி தாங்கல. எந்திரிக்கணும்" என்றாள், என் காதுக்கு மட்டும்.

மாமியாரிடம் கேட்டேன், ஒரு நிமிடம் உள்ளே கூட்டிப்போகட்டுமா என்று. "இன்னும் அஞ்சாறு பேருதான் கண்ணு, முடிஞ்சறட்டும். சூடுதான். எளநி குடுத்துக்கலாம்" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. அவ்வளவு அன்பாகச் சொன்னதால் எதிர்த்துப் பேச வரவில்லை. விலகி நின்றேன். அஞ்சாறு பேர் இருபது பேரானார்கள். நான் பந்தியில் உட்கார்ந்தேன். தயிர்ச்சோறு இரண்டாம் முறை வாங்கிக்கொண்டேன்.

திங்கட்கிழமை நடுக்கம். சிறுநீரகத்தில் பிடித்திருந்த தொற்று ரத்தத்தில் கலந்துவிட்டது என்று மருத்துவமனையில் சொன்னார்கள். செவ்வாய் குழந்தை. புதன் அவள்.

பத்து நாள் கழித்து அவள் கணவர் தொலைபேசியில் கேட்டார். "மேடம், காய்ச்சல் எப்ப ஆரம்பிச்சுதுன்னு டாக்டர் கேட்டாங்க. எனக்குத் தெரியலைங்க. ஞாயித்துக்கிழமை உங்ககிட்ட ஏதாச்சும் சொன்னாளுங்களா?"

"இல்லைங்க" என்றேன்.

மலருக்கு எழுத உட்கார்ந்தபோது அந்தச் சொல்லைத் தாண்டி ஒரு வரியும் வரவில்லை. நேற்று அன்னூர் போய் அவள் கணவரைப் பார்த்தேன். சொன்னேன். "எந்திரிக்கணும்னு அவளே கேட்டாளுங்களா?" என்றார். ஆமாம் என்றேன். எழுந்து உள்ளே போனார். அரை மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். வரவில்லை.

சிரித்த முகத்தை நீங்கள் வைத்துக்கொள்ளுங்கள். நமக்காக அவள் நிறையவே சிரித்தாள். என்னிடம் இருப்பது வேறு. குளிருகிறது என்று சொன்னபோது அவள் என் மணிக்கட்டைப் பிடித்திருந்தாள். பின்னால் வரிசை காத்திருந்தது. அந்த விரல்களை ஒவ்வொன்றாக நான்தான் பிரித்துவிட்டேன்.