தனியா நிக்காத ஹெடர்

என் தம்பி பொண்டாட்டி ஒரு இடத்துல உட்காரவே மாட்டா. கால்ல சக்கரம் கட்டிவிட்ட மாதிரி சமையலறைக்கும் பால்கனிக்கும் நடந்துக்கிட்டே இருப்பா. படியிறங்கிப் போனவ, கேஸை அணைச்சோமான்னு திரும்பி ஏறி வருவா. பூட்டின கதவை இன்னொரு தடவை இழுத்துப் பார்ப்பா. நான் ஆஸ்பத்திரியில நர்ஸ். டியூட்டி முடிஞ்சு வந்து அக்கடான்னு படுத்தா, இவ நடக்கிற சத்தத்துல வந்த தூக்கமும் ஓடிடும். "ஏம்மா, உனக்கு இந்த வீடு பத்தலையா? மொட்டை மாடிக்குப் போய் நடயேன்"னு கத்தியிருக்கேன். கோவிச்சுக்க மாட்டா. "சரிக்கா"ன்னு சொல்லி, செருப்பைக் கழட்டிட்டு நடப்பா. எனக்காக அவ செய்யற பெரிய சலுகை அவ்வளவுதான்.

அவ வேலையும் அவ சுபாவத்துக்குன்னே செஞ்ச மாதிரி இருக்கும். அவளும் என் தம்பியும் ஒரே கம்பெனி. சின்னச் சின்ன மெஷினுக்குள்ள ஓடுற ஆபரேட்டிங் சிஸ்டம் பண்றாங்க. அதோட நடு மூளைக்குப் பேரு கெர்னலாம். வெளியில இருந்து புரோகிராம் எழுதுறவங்க அந்தக் கெர்னல்கிட்ட எதையாவது கேட்கணும்னா, எப்படிக் கேட்கணும், பதில் எந்த அளவுல வரும்னு சொல்ற ஃபைல்கள் இருக்கு. அதுக்கு ஹெடர்னு பேரு. இவ என்ன பண்ணுவான்னா, ஒரு காலி புரோகிராமை எடுத்து, அது தலையில ஒரே ஒரு ஹெடரை மட்டும் வச்சு கம்பைல் பண்ணுவா, அதாவது மெஷினுக்குப் புரியற பாஷைக்கு மாத்துவா. முணுமுணுப்பு இல்லாமப் போச்சுன்னா சுத்தம். 'இந்த வார்த்தை எனக்குத் தெரியாதே'ன்னு எரர் வந்துச்சுன்னா, அந்த ஹெடர் தனக்கு வேண்டியதைத் தானே வரவழைச்சுக்காம, இன்னொரு ஹெடர் தோள்ல சாஞ்சு நிக்குதுன்னு அர்த்தம். கம்பெனிக்குள்ள இருக்கிறவங்களுக்கு இது உறைக்கவே உறைக்காது. அவங்க கையில எல்லா ஹெடரும் கூட்டமா இருக்கும். எங்கேயோ இருக்கிற வெளியாளு அந்த ஒண்ணை மட்டும் நம்பி எடுத்தான்னா, அவன்தான் நடுத்தெருவுல நிப்பான். அதனால ஒண்ணொண்ணா, தனித்தனியா சோதிச்சு, 'வெளிய விடலாம்'னு சொல்ற பொறுப்பு இவளோடது.

அந்த சீட்டுக்கு அவ சும்மா வந்துடல. அதே கம்பெனியில வருஷக்கணக்கா காதுல ஹெட்போனை மாட்டிக்கிட்டு, போன்ல கஸ்டமர்கிட்ட திட்டு வாங்கினவ. பஸ்ல படிச்சா, சாப்பாட்டு நேரத்துல படிச்சா, தட்டித் தடவி மேல வந்தா. அந்த சீட்டுன்னா அவளுக்கு உசிரு.

இப்ப அதுக்குத்தான் ஆபத்து வந்துச்சு. சமீபத்துல ரெண்டு தடவை வெளியீட்டை நிறுத்திட்டா. ரெண்டு தடவையும் ஹெடர்ல குத்தம் இல்ல. ஒருதரம் இவ வச்சிருந்த கம்பைலர் ஒத்துவரல, இன்னொருதரம் ஃபைல்கள் பாதிதான் காப்பி ஆகியிருந்துச்சு. மேனேஜர் எல்லார் முன்னாடியும் சொல்லிட்டாரு: "இன்னொரு தடவை வீணா நிறுத்தினீங்கன்னா, பழையபடி போன் சீட்டுக்கே போயிடுங்க." அன்னைக்கு வீட்டுக்கு வந்தவ சாப்பிடல. நான் தட்டுல போட்டு வச்சது அப்படியே காஞ்சு கிடந்துச்சு.

அடுத்த வெளியீடு ஒரு ஞாயித்துக்கிழமை சாயங்காலம். மூணு பேரும் வீட்டுலதான் இருந்தோம். சாப்பாட்டு மேஜையில லேப்டாப்பை விரிச்சு வச்சிருந்தா. சோதனை முடிஞ்சு ரிப்போர்ட் வந்துச்சு. எல்லாம் சுத்தம்.

"அப்பாடா"ன்னேன் நான்.

அவ எழுந்து நடக்க ஆரம்பிச்சுட்டா.

"இப்ப என்னம்மா? சுத்தம்னுதானே வந்திருக்கு?"

"அதான்க்கா பயமா இருக்கு. இந்தத் தடவை புதுசா வந்த ஹெடரெல்லாம் எழுதினவன் ஒரு அவசரக்குடுக்கை. அவன் எழுதி முதல் தடவையே சுத்தமா வந்ததா சரித்திரமே கிடையாது."

"திருந்தியிருப்பான். பேசாம உட்காரு. எனக்குத் தலை சுத்துது."

தம்பி சோபாவுல இருந்து குரல் கொடுத்தான். "ரிப்போர்ட்டே சொல்லுது. அப்புறமும் ஏன் வம்பை விலைக்கு வாங்குற?" சொல்லிட்டு எழுந்து போய் தண்ணி குடிச்சான். திரும்பி வந்து உட்கார்ந்தான். மறுபடியும் தண்ணிக்குப் போனான். அன்னைக்கு அவனுக்கும் இருப்புக் கொள்ளல. ஒருத்தி நடந்தாலே எனக்குத் தாங்காது, இதுல புருஷனும் பொண்டாட்டியும் மாத்தி மாத்தி நடந்தா நான் எங்கே போய் முட்டிக்கிறது?

பால்கனியில கொஞ்ச நேரம் நின்னுட்டு வந்தவ, விறுவிறுன்னு லேப்டாப் முன்னாடி உட்கார்ந்தா. நல்லா இருந்த ஒரு பழைய ஹெடரை எடுத்தா. தனக்கு வேண்டியதை அது இன்னொரு ஹெடர்ல இருந்து வரவழைச்சுக்கிற வரி ஒண்ணு அதுல இருக்கும். அந்த வரியை வேணும்னே அழிச்சா. வார்டுல எல்லா பேஷண்டுக்கும் ஒரே டெம்பரேச்சர் காட்டினா, நான் தெர்மாமீட்டரை வெதுவெதுப்பான தண்ணியில விட்டுப் பார்ப்பேன். அதே வேலையைத்தான் இவளும் பண்ணினா. இப்ப அந்த ஹெடர் ஊரைக் கூட்டிக் கத்தணும்.

சோதனை ஓடுச்சு. சுத்தம்னு வந்துச்சு.

"அக்கா, சோதனையே பொய் சொல்லுது"ன்னா.

தம்பி கையில டம்ளரோட அவ பின்னாடி வந்து நின்னான். மூஞ்சியில ஈயாடல. "தேடாத. நான்தான் மாத்தினேன்"னான்.

சோதனை ஓடுற மெஷின் அவன் பொறுப்பு. காலி புரோகிராம் காலியாத்தான் இருந்துச்சு. ஆனா கம்பைல் பண்ற கமாண்டுல, முதல்ல வேற ஒரு பெரிய ஹெடரை உள்ள எடுத்துக்கோன்னு இவன் சொருகி வச்சுட்டான். அது வந்தா மத்ததையெல்லாம் கூடவே கூட்டிட்டு வந்துடும். அப்புறம் எந்த ஹெடர் கத்தும்?

"ஏங்க இப்படிப் பண்ணீங்க?"

"நேத்து ஓட்டிப் பார்த்தேன், எரர் வந்துச்சு. நீ பார்த்தா கண்டிப்பா நிறுத்துவ. மூணாவது தடவை. அந்த ஆளு உன்னைத் தூக்கி போன் சீட்டுல போட்டுடுவாரு. நீ தாங்க மாட்டம்மா."

எனக்கு மனசு இளகிடுச்சு. படுபாவி, பொண்டாட்டி மேல இருக்கிற பாசத்துல தன் வேலைக்கே உலை வச்சுக்கிட்டானேன்னு கண்ணுல தண்ணி வந்துடுச்சு. அவ கண்ணுல ஒண்ணும் வரல.

"என்ன எரர்?"ன்னு கேட்டா.

"ஏதோ வந்துச்சு. நான் பார்க்கல."

"பார்க்கவே இல்லையா?"

அவன் டம்ளரை மேஜையில வச்சான்.

அவ அந்தக் கமாண்டைச் சரி பண்ணி மறுபடியும் ஓட்டினா. எரர் மேல எரரா கொட்டுச்சு. அவசரக்குடுக்கை எழுதின ஹெடர்ல ஒண்ணுகூட சொந்தக் கால்ல நிக்கல. இந்தத் தடவை கம்பைலர் மேல தப்பில்ல, காப்பி மேலயும் தப்பில்ல. எல்லாம் நெஜமான தப்பு. வரி வரியா படிச்சு உறுதி பண்ணிக்கிட்டுத்தான் மேனேஜருக்கு போன் போட்டா.

ஸ்பீக்கர்ல அவர் குரல் கேட்டுச்சு. "மறுபடியுமா? இப்பத்தானேம்மா சுத்தம்னு ரிப்போர்ட் வந்துச்சு?"

தம்பி கையைக் காலை ஆட்டி, மெஷின் கோளாறுன்னு சொல்லுன்னு ஜாடை காட்டினான். பொய் சொல்ல மாட்டேன், நானும்தான் கண்ணாலேயே கெஞ்சினேன். ஒரு பொய்தானே? கூடப் பிறந்தவனாச்சே எனக்கு.

அவ எங்க ரெண்டு பேருக்கும் முதுகைக் காட்டித் திரும்பி நின்னுக்கிட்டா. "சோதனையை என் வீட்டுக்காரர் மாத்தி வச்சிருந்தாரு சார். எனக்கு இந்த சீட் போயிடுமோன்னு பயந்து பண்ணிட்டாரு. இப்ப சரி பண்ணி ஓட்டிட்டேன், எரர் எல்லாத்தையும் உங்களுக்கு அனுப்பறேன். இது வெளிய போகக்கூடாது."

"அனுப்புங்க, பார்க்கறேன். நாளைக்கு ரெண்டு பேரும் என் ரூமுக்கு வாங்க"ன்னு சொல்லிட்டு வச்சுட்டாரு.

மறுநாள் சாயங்காலம் ரெண்டு பேரும் ஆளுக்கொரு பஸ்ல திரும்பி வந்தாங்க. வெளியீடு தள்ளிப் போயிடுச்சு. அவ சீட் அவளுக்கே. மேனேஜரே எல்லார் முன்னாடியும் நல்லதா ஒரு வார்த்தை சொன்னாராம். இவனுக்கு வேலை போகல, ஆனா அந்த மெஷின் பக்கமே போகக்கூடாதுன்னுட்டாங்க.

அவ ஜெயிச்ச மாதிரியே இல்ல. மறுபடியும் நடந்துக்கிட்டு இருந்தா. தம்பிக்குப் பொறுக்கல.

"உனக்காகத்தானே பண்ணேன். அதுகூடவா உனக்குப் புரியல?"

அவ நின்னா. "புரியுதுங்க. எரர்னு வந்ததும், இவ இந்தத் தடவையும் தப்பாத்தான் நிறுத்துவான்னு முடிவே பண்ணிட்டீங்க. ஒருவேளை நெஜமா இருக்குமோன்னு திறந்துகூடப் பார்க்கல. மேனேஜர் அப்படி நினைச்சா நினைச்சுட்டுப் போகட்டும், அவருக்கு நான் யாரோ. உங்களுக்குமா?"

அவ மறுபடியும் நடக்க ஆரம்பிச்சா. மொட்டை மாடிக்குப் போன்னு அன்னைக்கு நான் கத்தல.