மதகடியில் கிடக்கும் முள்

பள்ளிவாசல் ஒலிபெருக்கியில் ஜனாஸா அறிவித்தபோது நான் இடியப்பத்துக்கு மாக் குழைத்துக்கொண்டிருந்தேன். இன்னாருடைய மகள், இன்னாருடைய மனைவி, பாத்தும்மா பீவி என்பவர் மௌத்தாகிவிட்டார் என்று சொன்னார்கள். எங்கள் ஊரில் பெண்களின் மௌத்தை அப்படித்தான் அறிவிப்பார்கள். யாரோ ஒரு மனுசி என்று நினைத்தேன். "இன்னாலில்லாஹி" சொல்லிவிட்டு மறுபடியும் மாவில் கையை வைத்தேன்.

அந்தப் பாத்தும்மா பீவி எங்கள் பேபி என்பது அடுத்த நாள் காலையில்தான் எனக்குத் தெரிந்தது. சொன்னவர் எங்கள் ஊர்க்காரர்கூட இல்லை. பக்கத்து ஊரான பெரியநீலாவணையிலிருந்து வாய்க்கால் கரையான கட்டு வழியாக வயலுக்குப் போகிற செல்லத்துரை அண்ணன். மதகடியில் சைக்கிளை நிறுத்தி, தலையில் கட்டியிருந்த துவாயை அவிழ்த்துக் கையில் எடுத்துக்கொண்டு கேட்டார்.

"பேபித் தங்கச்சிய நேத்துப் பின்னேரம் அடக்கிட்டாங்களாமே. முகம் பாத்தீங்களா?"

தினமும் சுபஹுத் தொழுகைக்குப் பிறகு அவளோடு அந்தக் கட்டு வழியே நடந்தவள் நான். அவள் பிடித்துக்கொள்ள சைக்கிள் பழகியவள். அவளுடைய முழுப் பெயர் எனக்குத் தெரியாது. கத்தாரில் இருக்கிற அவளுடைய புருசனின் பெயரும் தெரியாது. ஊரின் அந்தப் பக்கத்தில் அவள் வீடு, இந்தப் பக்கத்தில் என் வீடு. பேபி என்று கூப்பிட்டால் வருவாள், அது போதுமென்று இருந்துவிட்டேன். "இல்லை அண்ணன்" என்று மட்டும் சொன்னேன். அவர் இன்னொன்றும் கேட்டார். அதைக் கடைசியில் சொல்கிறேன்.

அந்தக் கட்டு வழியே என்னோடு நடக்கிற நீங்கள்தான் அவளைப் பற்றி எழுதச் சொன்னீர்கள். நான் படித்தது ஐந்தாம் வகுப்பு. எழுத்துப் பிழைகளை மருமகள் திருத்தித் தந்தாள். ‘பேபி’ என்பதை மட்டும் திருத்த வேண்டாம் என்று சொல்லிவிட்டேன்.

எனக்குச் சீனி கூடிவிட்டது, ஒழுங்காக நடக்க வேண்டும் என்று ஆஸ்பத்திரியில் சொன்னார்கள். எங்கே நடப்பது? பெரிய ரோட்டில் பஸ் உரசிக்கொண்டு போகும். தேத்தண்ணிக் கடை வாசலில் ஆம்பிளைகள் இருப்பார்கள். மருந்து எடுக்கப் போன வரிசையில் எனக்கு முன்னால் நின்றவள்தான் பேபி. என்னைவிட இளையவள். "கட்டுக்கு வாங்க ராத்தா. அங்க நம்மளக் கொக்கு மட்டும்தான் பாக்கும்" என்றாள்.

போனால், அவள் நடக்கவில்லை, சைக்கிளில் வந்தாள். கொடியில் உடுப்புக் காயப்போடுகிற கிளிப் இரண்டினால் அபாயாவின் ஓரத்தை மடித்துச் செருகியிருந்தாள். கொஞ்ச நாளில் என்னையும் ஏற்றிவிட்டாள். நான் பேரப்பிள்ளை கண்டவள். "எனக்கு வெக்கமா இரிக்கி புள்ள" என்றேன். பின்னால் கரியரைப் பிடித்துக்கொண்டு அவள் சொன்னது இது: "விழுறெண்டா வயல் பக்கமா விழுங்க ராத்தா. அங்க விழுந்தா மாடு மட்டும்தான் சிரிக்கும்." அப்படியே விழுந்தேன். மாடு சிரிக்கவில்லை. அவள்தான் கட்டின்மேல் குந்திக்கொண்டு சிரித்தாள்.

அந்தக் கட்டு நடக்கவும் ஓடவும் தோதாக இருந்தது தானாக வந்ததில்லை என்று உங்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். மாரியில் கட்டு கரைந்த இடமெல்லாம் அவள் கிறவல் மண் போட்டாள். வீடு கட்டிய இடங்களில் மிஞ்சிய கிறவலைக் கேட்டு வாங்கி, சாக்கில் கட்டி, சைக்கிள் கரியரில் வைத்துத் தள்ளிக்கொண்டு வருவாள். தொட்டாச்சுருங்கியை வெட்டுவாள். மதகு வாயில் அடைத்த சொப்பிங் பேக்குகளைத் தடியால் இழுத்துப் போடுவாள். ஒருநாள் அவளுடைய மாப்பிள்ளை கத்தாரிலிருந்து போனில் சத்தம்போட்டது எங்களுக்கும் கேட்டது. "ஒனக்கு வேற வேல இல்லயா?" பேபி மண்வெட்டியைக் கீழே வைக்காமலே சொன்னாள்: "இரிக்கி. அத முடிச்சிட்டுத்தான் இதச் செய்யிறன்."

நாங்கள் என்ன செய்தோம்? அவள் வெட்டிக்கொண்டிருந்தால் காலைத் தூக்கித் தாண்டி நடந்தோம். திரும்பி வரும்போது, "பேபி, அந்தப் பக்கம் இன்னும் கொஞ்சம் புல்லு இரிக்கி" என்று கை காட்டிவிட்டுப் போனோம்.

பிறகு அந்த ஹஜ்ஜுப் பெருநாள். அதை எழுதக் கை கூசுகிறது. ஆனால் பேபியைப் பற்றி எழுதிவிட்டு அதை விட முடியாது. குர்பான் கொடுத்த அடுத்த நாள் காலை கட்டுக்குப் போனோம். மதகடி முழுக்க மாட்டுக் குடலும் தோலும் கட்டிய சாக்குகள். சில வாய்க்காலுக்குள் விழுந்து வெடித்துக் கிடந்தன. அந்தத் தண்ணீர் போவது பெரியநீலாவணைக்காரரின் வயலுக்கு. நாங்கள் மூக்கைப் பொத்திக்கொண்டு நிற்கிறோம், எதிரே செல்லத்துரை அண்ணன் சைக்கிளில் வருகிறார். குளித்து, திருநீறு பூசி, சோற்றுப் பார்சலை ஹேண்டிலில் தொங்கவிட்டிருந்தார். ஒரு காலை நிலத்தில் ஊன்றிப் பார்த்தார். சைக்கிளைத் திருப்பி வந்த வழியே போனார். ஏசியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

பேபி ஒவ்வொரு சாக்காக இழுத்துப் புதைக்க மேட்டுக்குக் கொண்டுபோனாள். அதிலொன்று மாச்சாக்கு. வாய் நீல நூலால் தைத்திருந்தது. எங்கள் வீட்டில் சாக்குத் தைக்கிற நூல் அது, தைத்த கையும் என் கைதான். கொண்டுபோய்ப் புதைக்கச் சொல்லி மகனிடம் கொடுத்தேன், அவன் இங்கே வீசியிருக்கிறான்.

"அது எங்கடது பேபி" என்றேன். எல்லாருக்கும் கேட்டது.

அவள் சாக்கைத் தூக்கிப் பார்த்தாள். "தையல் நல்லாத்தான் இரிக்கி ராத்தா. மத்ததெல்லாம் வெடிச்சிட்டு, ஒங்கடது மட்டும் ஒண்டும் சிந்தல்ல" என்றாள். அழுகை வந்த வாயில் சிரிப்பும் வந்துவிட்டது. பிறகு மண்வெட்டியின் பிடியை என்னிடம் நீட்டினாள். நான் முதல்தரமாக அந்தக் கட்டில் மண் வெட்டியது அன்றைக்குத்தான்.

மறுநாள் மதகுக்கு அங்கால கட்டுப் பாதையை மறித்து இலந்தை முள் போட்டிருந்தது. அந்தப் பக்கம் போக முடியாவிட்டால் சைக்கிள் ஓட ஏது பாதை? போய்த் திரும்புவதற்குள் மூச்சு வாங்காத தூரம்தான் எங்களுக்கு மிச்சம். நம்மில் ஒருத்தி கோபப்பட்டாள், ஞாபகம் இருக்கும். "அரசாங்கத்துட கட்டு. மறிக்க அவங்கட வீட்டுச் சொத்தா? இழுத்து எறிங்ககா."

பேபி சொன்னாள்: "கட்டு எல்லாருக்கும்தான். நாம போட்ட குடலும் எல்லாருக்குமா? முள்ள நாம எடுக்கப்படாது. போட்டவங்க கையாலதான் அத எடுக்கணும்."

அந்த வருசம் முழுக்க அவள் முள்வரைக்கும் பாதையைத் துப்பரவாக வைத்தாள். முள்ளடிக்குப் போய், சைக்கிளைத் திருப்பிக்கொண்டு வருவாள். சிலர் நடைக்கு வருவதை விட்டுவிட்டார்கள். அவள் விடவில்லை.

அடுத்த ஹஜ்ஜுப் பெருநாளைக்கு முன்பே, தன் கூடப்பிறந்த காக்காவின் மேட்டுக்காணியில் பெரிய குழி வெட்டுவித்தாள். பெருநாளன்று புது உடுப்போடு மதகடியில் சைக்கிளைக் குறுக்கே போட்டுக்கொண்டு நின்றாள். சாக்கோடு மோட்டார் சைக்கிளில் வந்தவர்களிடம், "இஞ்ச இல்ல தம்பி, அந்தா குழி இரிக்கி. ஈத் முபாரக்" என்று சொல்லி அனுப்பினாளாம். "பொம்புளைக்கு இது என்ன வேல?" என்று ஒருவர் கேட்டிருக்கிறார். "ஆம்புள ஆரும் வரல்லயே காக்கா" என்றிருக்கிறாள். இதெல்லாம் நான் கேட்டது. நான் போகவில்லை. அத்தனை பேர் போய்வருகிற இடத்தில் எப்படி நிற்பது என்று வீட்டில் இருந்துவிட்டு, அவளுக்கு ஒரு கோப்பையில் புரியாணி கொடுத்தனுப்பினேன்.

சில நாள் கழித்துப் போனபோது பாதை திறந்திருந்தது. முள்ளை யாரோ எடுத்துக் கட்டின் ஓரத்தில் அடுக்கி வைத்திருந்தார்கள். எடுத்துக்கொண்டு போகவில்லை, எரிக்கவுமில்லை. எனக்கு அது குத்தியது. "ஏன் வெச்சிரிக்காங்க? இன்னும் நம்பல்லயா?" என்றேன்.

"இரிக்கட்டும் ராத்தா. அவங்களுக்கும் ஒரு பயம் இரிக்கும்தானே" என்று சொல்லிவிட்டு, பெடலை மிதித்துக்கொண்டு அந்தப் பக்கம் போனாள். நானும் பின்னால் போனேன். அங்கால வயலில் கதிர் வந்திருந்தது. செல்லத்துரை அண்ணன் வரம்பில் நின்று கையைத் தூக்கினார்.

இப்போது அவர் கேட்ட மற்றக் கேள்வி. துவாயைக் கையில் பிடித்துக்கொண்டு, ஓரத்தில் கிடந்த முள்ளை ஒருதரம் பார்த்துவிட்டுக் கேட்டார்: "பெருநாள் வருகுது தங்கச்சி. இந்தமுறை ஆரு நிக்கிற?"

அதட்டிக் கேட்கவில்லை. மெதுவாகத்தான் கேட்டார். இத்தனை பேர் நடக்கிற பாதையில், ஒரு பெயர் என் வாயில் வரவில்லை.

அன்றைக்கே பேபியின் வீட்டுக்குப் போனேன். நெஞ்சு நோகிறது என்றவளை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகிற வழியிலேயே முடிந்துவிட்டது என்று அவளுடைய மகள் சொன்னாள். முகம் பார்க்க வராததற்கு நான் சொன்ன காரணத்தைக் கேட்டுவிட்டு, "உம்மாட பேர் எங்களுக்கும் மறந்து போயிரும் மாமி, ஐடி கார்ட்ல மட்டும்தான் இரிக்கி" என்றாள். என்னைத் தேற்றத்தான் அப்படிச் சொன்னாள். சைக்கிளில் செருகிக் கிடந்த இரண்டு கிளிப்பையும் எடுத்து என் கையில் வைத்தாள்.

பிறகொரு காலை செல்லத்துரை அண்ணனை மறித்தேன். "நான் நிப்பன் அண்ணன்" என்றேன். அவர் என்னைப் பார்த்தார், என் சைக்கிளைப் பார்த்தார். "டயருக்குக் காத்தடிச்சிட்டு நில்லுங்க தங்கச்சி" என்றார்.

பேபியிடமிருந்து எனக்கு மிஞ்சியது அந்த இரண்டு கிளிப்பும், அன்று அவள் நீட்டிய மண்வெட்டிப் பிடியின் சூடும். குழி அதே மேட்டுக்காணியில் இருக்கிறது. இம்முறை வெட்டியவன் என் மகன். பெருநாளன்று நான் மதகடியில் சைக்கிளைக் குறுக்கே போட்டுக்கொண்டு நிற்பேன். எனக்கு வெட்கமாகத்தான் இருக்கும். சாக்கோடு வருகிறவர்கள் ஸலாம் சொல்லிவிட்டு மேட்டுப் பக்கம் திரும்புங்கள். யார் வீட்டுச் சாக்கு என்று நான் பார்க்க மாட்டேன். அவளுக்காக துஆ கேட்கிறவர்கள் பாத்தும்மா பீவி என்று சொல்லிக் கேளுங்கள்.

முள் இன்னும் ஓரத்தில்தான் கிடக்கிறது.