நூற்றுக்கு எட்டு

புவனேஸ்வரி எண்ணைப் படித்ததும் கண்ணாடியைக் கழற்றிச் சேலைத் தலைப்பில் துடைக்கிறார். மறுபடி படிக்கிறார். எண் மாறுவதில்லை. ஆய்வகத்திலிருந்து எந்த முடிவு வந்தாலும் இப்படித்தான். நல்ல முடிவென்றால் இரண்டு முறை துடைப்பார்.

குளத்தூர்க்காரர். வயது ஐம்பத்தாறு. பரம்பரையாக வரும் ரத்தக் கோளாறுகளில் இருபத்தெட்டு வருட ஆராய்ச்சி. விடுமுறைக்கு ஊருக்கு வந்தால் காய்ச்சல் மாத்திரை கேட்டு ஆட்கள் வருவார்கள். "நான் அந்த டாக்டர் இல்லைங்க" என்பார். எத்தனை நாளாகக் காய்ச்சல் என்றும் கேட்டுவைப்பார். பேருந்துச் சீட்டின் பின்புறம் பென்சிலால் எதையாவது எழுதுவார். பேனாவைத் தொடமாட்டார்.

அதிகம் பயன்படுத்தும் சொல் "தெரியலையே". மாநாட்டு மேடையில் அதைச் சொல்லிவிட்டு நிதானமாகத் தண்ணீர் குடித்திருக்கிறார். மருதாயியிடம் சொல்வது அவ்வளவு சுலபமாக இல்லை.

மருதாயியின் மகன் ஆனந்தராஜுக்கு இருபத்தாறு வயது. ரத்தத்தை உறையவைக்கும் பொருள் உடலில் ஊறாமலே பிறந்தவன். பன்னிரண்டு வயதிலிருந்து தனக்குத்தானே ஊசி போட்டுக்கொண்டவன். நான்கு வருடங்களுக்கு முன், பழுதான மரபணுவின் நல்ல பிரதி ஒன்றை, நோய் தராத வைரஸில் ஏற்றி அவன் ஈரலுக்கு அனுப்பியது புவனேஸ்வரியின் குழு. பொருள் ஊறியது. மற்றவர்களுக்கு நூறு என்றால் இவனுக்கு முப்பத்து நான்கு. ஊசி நின்றது. பைக் வாங்கினான்.

இன்று வந்த எண் எட்டு. அதே மருந்து, அதே அளவு பெற்ற மற்ற நான்கு பேருக்கும் குறையவில்லை.

"இன்னொருக்கா ஏத்தி விடுங்க டாக்டரம்மா" என்றார் மருதாயி.

"முடியாதுக்கா. அந்த வைரஸை இவன் ஒடம்பு அடையாளம் கண்டுக்கிருச்சு. திரும்ப வந்தா உள்ள விடாது."

"எட்டுலயாவது நிக்குமா?"

"தெரியலையே."

"இம்புட்டுப் படிச்ச நீங்களே இப்புடிச் சொன்னா நாங்க எங்கிட்டுப் போறது?"

வெள்ளிக்கிழமை ஆனந்தராஜுக்குக் காதுகுத்து. மருதாயியின் தம்பி ஒருவன் சிறுவயதில், காது குத்திய இடத்தில் ரத்தம் நிற்காமல் இறந்தான். அதன்பின் அந்த வீட்டில் ஆண்பிள்ளைகளுக்குக் குத்துவதில்லை. மடியில் உட்காரவைக்க வேண்டிய தாய்மாமன் ரெங்கராஜுக்கே காதில் துளை கிடையாது. ஊசி நின்றதும் ஆனந்தராஜ் வேண்டிக்கொண்டது இது. பத்திரிகையும் கொடுத்தாகிவிட்டது.

"காலையில ஒரு ஊசி போட்டுக்க ஆனந்து. அப்பறம் குத்திக்கலாம்" என்றார் புவனேஸ்வரி.

"ஊசி போட்டுக்கிட்டுத்தான் குத்தணும்னா சின்ன வயசுலயே குத்தியிருப்பாகளே மேடம். அப்பறம் எனக்குக் கொணமாகி என்னத்துக்கு?"

எட்டு இருந்தால் சின்னக் காயத்தில் ரத்தம் அநேகமாக நின்றுவிடும். 'அநேகமாக' என்று சீட்டில் எழுதினார் புவனேஸ்வரி. அழித்தார். மறுபடி எழுதினார். ஏன் குறைகிறது என்று தெரியாத ஒருவர் எதை வைத்துத் தடுப்பது? எதை வைத்துச் சம்மதிப்பது? அவன் போன பிறகும் வாசலைப் பார்த்து நின்றிருந்தார்.

வெள்ளிக்கிழமை, பனிக்கட்டிப் பெட்டியில் ரத்தத்தை உறையவைக்கும் மருந்துக் குப்பியோடு குலசாமி கோயிலுக்கு வந்தார். ரெங்கராஜ் மடியில் எழுபது கிலோ உட்கார்ந்தது.

"மெதுவா மாப்ள. மாமன் தொடையிலயும் பலம் எட்டுதான்."

பெண்கள் சிரித்தார்கள். மருதாயி சிரிக்கவில்லை. ஆசாரி வலது காதில் கடுக்கன் கம்பியை இறக்கினார். ஒரு துளி வந்தது. பின்னாலேயே இன்னொன்று.

ஆனந்தராஜ் பெட்டியைப் பார்த்தான். பிறகு புவனேஸ்வரியைப் பார்த்தான். "வேணாம் மேடம்" என்றான்.

புவனேஸ்வரி பட்டுச்சேலையோடு மண்ணில் முட்டி போட்டார். பஞ்சை வைத்து, கடுக்கனோடு சேர்த்து அந்தக் காதுச் சோணையை இரண்டு விரலால் அழுத்திப் பிடித்தார்.

"அடுத்த காதைக் காட்டச் சொல்லுங்கம்மா, நல்ல நேரம் போகுது" என்றார் ஆசாரி.

ரத்தம் நிற்க எத்தனை நிமிடம் என்று புவனேஸ்வரி கைக்கடிகாரத்தைப் பார்த்தபடி இருந்தார். விரலை எடுக்கவில்லை.